பிரெஞ்சு முன்னுருபுகளும் நம் வேற்றுமையும்

(புதுவை மாணவரிடையே ஆற்றிய உரை)



பிரெஞ்சு பயிலும் தமிழ் மாணவன் எங்கே இடறுகிறான்? வினைத்திரிபில் அன்று, அது உருப்போட்டால் வந்துவிடும். ‘ஆ’, ‘தெ’, ‘ஆன்’, ‘தான்’, ‘சே’ என்னும் கடுகத்தனைச் சொற்களில்தான் இடறுகிறான். பெயருக்கு முன்னே நிற்பதால் இவற்றை முன்னுருபு என்போம். இவற்றின் மூக்கொலியைத் தமிழெழுத்தில் அண்மையாகவே காட்ட இயலும்; செவ்விய ஒலிப்பை ஆசிரியர் வாய்க்கேட்டுக் கொள்க.

இடறலுக்குக் கரணியம் அம்மொழியின் கடுமையன்று. நாம் செல்லும் வழியே. தமிழிலிருந்து நேரே செல்லாமல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு செல்கிறோம். ஆங்கிலமே அரைகுறையாய் அறிந்த பிள்ளை, ஆங்கில முன்னுருபுக்கு ஈடாகப் பிரெஞ்சு முன்னுருபைப் பட்டியலிட்டு நெட்டுருச் செய்கிறது. காரைக்காலில் வளர்ந்த பிரெஞ்சு அறிஞர் சூலியன் வின்சோன் 1903ஆம் ஆண்டில் தமிழ்மொழிக் கைந்நூலை வெளியிட்டபோது, நம் இலக்கணத்தைத் தம் மொழியிலேயே தம்மவர்க்கு விளக்கினார். இடையில் தரகர் வைக்கவில்லை. நமக்கு மட்டும் தரகர் எதற்கு?

‘சே’ என்பதைப் பாருங்கள். மருந்துக்கடைக்குப் போவதாயின் பிரெஞ்சுக்காரன் ‘ஆ’ என்பான். மருத்துவரிடம் போவதாயின் ‘சே’ என்பான். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். ஆதலால் ஆங்கிலவழி வந்த மாணவன் மருத்துவருக்கும் ‘ஆ’ சேர்த்துத் தவறுகிறான். தமிழ்ப்பிள்ளைக்கு இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? ‘கடைக்குப் போனேன், மருத்துவரிடம் போனேன்’ என்று பால்குடி மறந்த நாள்முதல் பிரித்துப் பேசுகிறதே! இடத்திற்குக் ‘கு’, ஆளுக்கு ‘இடம்’. இன்னும் ஒரு நயம் கேளுங்கள். ‘சே’ என்பது வீட்டைக் குறிக்கும் ‘காசா’ என்னும் இலத்தீன் பெயரினின்று தேய்ந்தது. ‘சே முவா’ என்றால் ‘என் வீட்டில்’ என்றே பொருள். அங்கே வீடு உருபாயிற்று. இங்கே இடம் உருபாயிற்று. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் 28 உருபுகளில் உள், மேல், கீழ் முதலியனவும் இடப்பெயர்களே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ‘தெ’. நீங்கலுக்கும் உடைமைக்கும் இஃதொன்றே வரும். மாணவன் மலைக்கிறான். ‘குன்றின் இழிந்த நீர்’, ‘குன்றின் உச்சி’ என்று நாம் ‘இன்’ ஒன்றையே ஈரிடத்தும் வழங்கவில்லையா? பின்னது சாரியை என்பதை இலக்கணம் வல்லார் அறிவர். காதுக்கு இரண்டும் ஒன்றே.

‘தெப்புயி’ என்பதோ நமக்கென்றே அமைந்தது போன்றது. ‘பத்தாண்டுகளாகப் புதுவையில் வாழ்கிறேன்’ என்பதில் வினை நிகழ்காலம். பிரெஞ்சிலும் நிகழ்காலமே. ஆங்கிலத்தின் கூட்டு வினையை நினைத்து இறந்தகாலத்தைத் தேடுபவனே இங்குக் கெடுகிறான். வினைகளிலும் இவ்வாறே. நூலைத் தேடு என்கையில் நமக்கு இரண்டாம் வேற்றுமை. அவர்க்கும் முன்னுருபு வேண்டா. தந்தைக்குக் கீழ்ப்படி என்கையில் நமக்கு நான்காம் வேற்றுமை. அவர்க்கும் ‘ஆ’ வேண்டும். இவ்விரண்டிலும் ஆங்கிலம் தலைகீழாய் நிற்கிறது.

எல்லாம் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. ‘அவனுக்கு உதவு’ என்கிறோம். பிரெஞ்சில் அவ்வினைக்கு முன்னுருபு இல்லை. ‘பாரீசுக்குப் போகிறான், பாரீசில் இருக்கிறான்’ என நாம் பிரிப்பதை அவர்கள் ‘ஆ’ என்னும் ஒன்றாலேயே முடிப்பர். வேற்றுமையை வினை காட்டும். நாடுகளின் பெயர்க்கோ பால் உண்டு. ஊருக்கு ‘ஆ’; பெண்பால் நாட்டுக்கு ‘ஆன்’; ஆண்பால் நாட்டுக்கு ‘ஓ’. ஆகவே புதுவைக்கு ‘ஆ’, பிரான்சுக்கு ‘ஆன்’, சப்பானுக்கு ‘ஓ’. நம் தமிழ்நாடும் அவர்கள் வழக்கில் ஆண்பால்தான். ‘ஓ’ என்றே சொல்லவேண்டும். ஈரானைப்போல் உயிரொலியில் தொடங்கும் ஆண்பால் நாடு ‘ஆன்’ ஏற்கும். இந்த ‘ஓ’ என்பது ‘ஆ’வும் ‘லெ’யும் புணர்ந்து திரிந்தது, புணரியல் கற்ற நமக்கு இதில் வியப்பில்லை. பால் எது என்பதை மட்டும் அகராதியைப் பார்த்தே கற்கவேண்டும், குறுக்குவழி இல்லை.

மிகுதியும் விழிப்பு வேண்டுவது காலத்தைக் குறிக்கும் ‘ஆன்’, ‘தான்’ என்பவற்றிலே. ‘பத்து மணித்துளியில் முடிப்பேன்’ என்று நாம் சொன்னால், முடிக்கப் பிடிக்கும் நேரமா, இனிமேல் கழியும் நேரமா என்பது விளங்காது. பிரெஞ்சில் முன்னதற்கு ‘ஆன்’, பின்னதற்குத் ‘தான்’. 1983ஆம் ஆண்டிற்குப் பின் ஈழத்தினின்று ஏதிலியராய்ப் பாரீசு சென்ற நம் உறவுகள் பலர், ஆங்கிலத் துணையின்றியே உணவகத்து அடுக்களைகளில் அம்மொழியைப் பழகினர். ‘தான்’ என்று முதலாளி சொன்னதை ‘ஆன்’ என்று கொண்டால் அடுப்பில் இருப்பது கருகும். ஆதலால், நம் ‘இல்’ ஈருருவாய்ப் பிரியும் இடத்தில், ‘பத்து மணித்துளிக்குள்’ எனவும் ‘பத்து மணித்துளி கழித்து’ எனவும் தமிழிலேயே முதலில் தெளிவாக எழுதுங்கள். இவ்வகையில் பத்துச் சொற்றொடர் அமைத்து, அதன்பின் பிரெஞ்சாக்கி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.