இரத்தக் கொதிப்பும் மாத்திரை உண்ணும் முறையும்

(கல்பாக்கத்தில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் மேடையிலே பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், விவாகச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் அநேகர் பேசியுள்ளனர். உடம்பைப் பற்றிப் பேசினோர் சிலரே. ஆதலின் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், இரத்தக் கொதிப்புக்கென வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையை உண்ணும் முறையாகும். வியாதியின் பெயர் நம்மவர் யாவரும் அறிந்ததே. மாத்திரையை எப்பொழுது நிறுத்தலாம் என்பதிலேதான் ஆளுக்கொரு சாஸ்திரம் வைத்திருக்கின்றனர்.

பெயரே நம்மை மயக்குகின்றது. இவ்வியாதியில் இரத்தம் கொதிப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. இருதயம் தள்ளும் இரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் விசை, இருக்கவேண்டிய அளவுக்கு மேற்பட்டு எப்பொழுதும் நிற்பதே வியாதி. அமைதியாயிருக்கையில் பலமுறை அளந்தும் மேலெண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழெண் 90 அல்லது அதற்கு மேலாகவோ நின்றால் அதனை வியாதியென்பர். கோபக்காரருக்கே இது வருமென்பது வீண் பேச்சு. சாந்த குணமுடையோரையும் இது விடுவதில்லை. பெரும்பாலும் தலைவலியோ கிறுகிறுப்போ ஒன்றும் காட்டாமல், பல வருஷம் உள்ளிருந்து மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர் அளவுகருவியைக் கேட்கவேண்டுமேயன்றித் தம் உடம்பைக் கேட்டுப் பயனில்லை.

மருந்தில்லாத காலத்தில் இவ்வியாதி என்ன செய்ததென்பதற்கு ஒரு பெரிய மனிதரையே சான்று காட்டுகிறேன். அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சு மாதத்தில் இருதய வைத்தியர் ஒருவர் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108 இருந்தது. உப்பைக் குறைத்தல், ஓய்வு, இருதயத்திற்கான பழைய மருந்தொன்று, உறக்க மருந்து இவைதாம் அவருக்குக் கிடைத்தன. அழுத்தத்தை நெடுநாள் அடக்கிவைக்கும் நல்ல மாத்திரை அந்நாளில் இல்லை. 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தம் பெருகி அவர் மாண்டார். அன்று அளந்த மேலெண் 300. உலகத்தையே ஆட்டிவைத்தவருக்குக் கிட்டாத மருந்து இன்று நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமற் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால் அது வீட்டு வாசலுக்கே வருகின்றது. வாங்கிப் பரணில் வைப்பதற்கா வருகின்றது?

"அது இங்கிலீஷ் மருந்து, நாட்டு வேர்தான் நமக்கு ஒத்துக்கொள்ளும்" என்போர் நம்மில் உண்டு. இவ்விஷயத்தில் உலகத்துக்கு வழிகாட்டியதும் ஒரு நாட்டு வேரே. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்குமென்று 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போசும் எழுதினர். பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்து, கண்ட பலனை 1949-இல் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்து ரசாயனிகள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். உலகமெங்கும் அது வழங்கலாயிற்று. ஆனால் அளவு மிகுந்தபோது சிலருக்குக் கடும் மனச்சோர்வு கண்டதென்று வைத்தியர்கள் எழுதினர். பின்னர் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. வேரென்பதால் தீங்கில்லை என்பதுமில்லை, மாத்திரையென்பதால் விஷம் என்பதுமில்லை. அளவும் கண்காணிப்புமே இரண்டுக்கும் வேண்டுவன. இரண்டையும் வைத்தியரறியாமல் கலந்துண்பது எல்லாவற்றிலும் கேடு.

இனி நான் முக்கியமாய்ச் சொல்லவந்ததைச் சொல்லுகிறேன். மூன்று மாதம் மாத்திரை உண்டபின் அழுத்தம் 130/80 என்று வரும். உடனே நம்மவர், "குணமாயிற்று" என்று நிறுத்திவிடுவர். அந்த 130 மாத்திரை செய்த வேலை. தோணி நங்கூரத்தில் அசையாது நிற்கிறதென்று நங்கூரத்தை எடுத்துவிடுவாருண்டோ? நிறுத்திய சில நாளிலோ சில வாரத்திலோ அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறும். அடினலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் மார்வலியும் படபடப்பும் வரக்கூடும். குறைப்பதாயினும் வைத்தியரே படிப்படியாய்க் குறைக்கவேண்டும்.

உபத்திரவம் கண்டு நிறுத்துவோரும் உண்டு. அவர்மீது எனக்கு இரக்கமே. அம்லோடிபின் உண்டால் சிலருக்குக் கால் வீங்கும்; எனலாபிரில் உண்டால் வறட்டிருமல் வரும். அதனைச் சொன்னால் வைத்தியர் வேறு மாத்திரை கொடுப்பார். சொல்லாமல் நிறுத்தினால் அவருக்கு எப்படித் தெரியும்? எனலாபிரில், லொசார்டன், டெல்மிசார்டன் இவை கருவுற்ற பெண்களுக்கு ஆகா. சிசுவுக்குக் கேடு செய்யும். கருவுற்றதாக ஐயம் தோன்றியவுடனே அதனை வைத்தியரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும்.

உறவின்முறை என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்யும். மாத்திரையில் மட்டும் அது வேண்டாம். மாமனுக்குக் கேட்ட மாத்திரை மைத்துனனுக்குக் கேட்கவேண்டிய அவசியமில்லை. மைத்துனனுக்கு ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதுவே அவனைக் கெடுக்கும். வலையிழுத்து உடம்பு நோகிறதென்று கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், இபுபுரூபன் முதலிய வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் வருத்தும். ஒருவேளை மறந்தால், நினைவு வந்தவுடன் உண்க. அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் அதனோடு சேர்த்து இரண்டாய் உண்ணற்க. விரதமென்றும் கலியாணத்துக்கு வெளியூர் போனோமென்றும் விடுவதற்கும் நியாயமில்லை. ஒரு சிறு டப்பி மடியில் இருக்கட்டும். வாந்திபேதி கண்டு உடம்பில் நீர் வற்றினால் மட்டும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போர் உடனே வைத்தியரை யோசனை கேட்க வேண்டும்.

உப்பு விஷயம் இக்கரையில் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. கருவாடின்றிச் சோறிறங்காத ஊர் நம் ஊர். உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாட்டையும் ஊறுகாயையும் அடியோடு விடுங்களென்று நான் கேட்டால் ஒருவரும் கேளீர். தினந்தோறும் என்பதை மாதம் இரண்டொரு தரம் என்றாவது ஆக்குங்கள்.

இவ்வளவும் செய்தும், ஒருவர்க்குத் திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதம். மாத்திரையையோ தண்ணீரையோ வாயிலிடாதீர்கள், விக்கிக்கொள்ளும். வேப்பிலை அடிக்கவும் எண்ணெய் தேய்க்கவும் நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டு அடைத்ததாயின், தலையைப் படமெடுத்துப் பார்த்து அதனைக் கரைக்கும் ஊசி போடுவர். அதற்கு நாலரை மணி நேரமே கெடு. திருக்கழுக்குன்றம் வழியாய்ச் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அதற்குள்ளேயே அடங்கும். நோய் கண்ட மணி எத்தனையென்று குறித்துக்கொண்டு, அவர் உண்டுவரும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.