பிள்ளையிடம் யார் கேட்டது?



உழைக்கும் குழந்தைகள், 5 முதல் 14 வயது வரை, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1.26 கோடி, 2011இல் 1.01 கோடி. குறைந்துவிட்டதா? நான் பாதிதான் நம்புவேன்.

கணக்கெடுப்பவர் வாசலில் நின்று பெரியவரிடம் கேட்கிறார். “பையன் பள்ளிக்கூடம் போறான்.” பொய்யில்லை. தொழிலாளர் கணக்கெடுப்பில் அதற்கு 91ஆம் குறியீடு. துணை வேலை உண்டா என்று அடுத்த கேள்வியும் இருக்கிறது. ஆனால் விடியலில் தறியில் உட்கார்ந்ததை எந்த அப்பா வேலை என்று சொல்வார்? ஒத்தாசை என்பார். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் பிள்ளைக்கோ, பல நேரம் பட்டியலில் வீடே இருக்காது.

சட்டமும் அப்படித்தான். 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்க 2016 திருத்தம் தடை விதித்தது. பள்ளி முடிந்து குடும்பத் தொழிலில் உதவலாம் என்று கதவையும் திறந்து வைத்தது. சாதி நாட்டில் குடும்பத் தொழில் என்றால் என்ன? 1953இல் இராஜாஜி அரை நாள் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று எதிர்த்தோம், 1954இல் ஒழிந்தது.

2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு 6 வயது முதலே ஒரு நாளை மணிக்கணக்கில் குறித்தது. ஆக, முடியாத காரியமல்ல. பிள்ளையிடமே, தனியாகக் கேளுங்கள். வந்த மணிக்கணக்கைச் சாதிவாரியாக வெளியிடுங்கள்.