கல் பிளந்த கைகள்

அநுராதபுரம் செல்வோர் தாதுகோபங்களைத் தரிசித்துத் திரும்புவர்; அயலிலுள்ள பாறைகளில் வரிசையாகத் தோன்றும் சிறு குழிகளை நோக்குவோர் சிலரே. அவை பண்டைக் கற்றச்சர் உளிகொண்டு வெட்டிய ஆப்புக் குழிகள். குழிதோறும் ஆப்பிறக்கி முறையாக அடிக்க, கருங்கல் அவ்வரிசையின் வழியே பிளக்கும். தூணும் படிக்கல்லும் இவ்வாறே பெயர்த்தெடுக்கப்பட்டன. லோவமகாபாய என்னும் மாளிகை நின்ற இடத்தில் மட்டும் 40 வரிசைகளில் 1,600 கற்றூண்கள்!

இதனினும் பழைய வேலை குகைகளில் உண்டு. கி. மு. 3ஆம் நூற்றாண்டு முதலாகத் துறவியர் உறைந்த குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி விளிம்பொன்று வெட்டினர். அதன்கீழே பிராமி எழுத்திற் கொடையாளி பெயர். வவுனியாப் பகுதியிலே, பெரிய புளியங்குளத்தில், அப்பெயர் விசாகன் என்னும் தமிழ் வணிகனுடையது. கொடுத்தவன் பெயர் நின்றது. வெட்டியவன் பெயரைப் பொறிப்பார் இல்லை. வேலைதான் அவனுக்குச் சாட்சி.

பொலன்னறுவைக் கல் விகாரையைக் காண்க. 12ஆம் நூற்றாண்டிலே, பராக்கிரமபாகு மன்னன் காலத்தில், ஒரே பாறையைக் குடைந்து புத்தர் உருவங்களை அமைத்தனர். கிடந்த திருமேனி ஏறத்தாழ 14 மீற்றர் நீளமானது. பாறையின் இயற்கை வரிகள் அதன்மீது நீரோட்டம்போல் ஓடுகின்றன. தலையின் பாரத்தால் தலையணை சற்றே அமுங்கியிருக்கிறது, அத்தலையணையும் கருங்கல்லே.