குறிப்பேடும் கணக்கேடும்



பட்டமளிப்பு விழாவிற்கு அழைக்கப்பட்டவர் எதிர்காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவேண்டும் என்பது எழுதப்படாத சம்பிரதாயம். இன்று விடைபெற்றுச் செல்லும் ஐந்தாம் படிவத்து மாணவ மாணவியரே, எதிர்காலம் என்னைவிட உங்களிடமே நெடுநாள் வாசம் செய்யப்போகிறது. அதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் கேட்பது முறையாகாது. ஆகவே அந்தச் சம்பிரதாயத்தை மீறி, இப்போதுதான் முடிந்திருக்கும் உங்கள் ஓராண்டைப் பற்றி, அதிலும் எஸ்.பி.எம். தேர்வு வினாத்தாள் எதிலும் தலைகாட்டாத ஒரு பகுதியைப் பற்றிச் சற்றே பேச உத்தேசித்திருக்கிறேன்.

பள்ளி முதல்வர் அவர்கள் இவ்வாண்டு மலரை முன்கூட்டியே எனக்கு அனுப்பிவைத்தார்கள். ஓர் இரவு முழுவதும் அதைப் புரட்டினேன். குறுக்கோட்டப் போட்டியில் ஓடி வந்தவர்களும் கடைசி வரையில் நடந்தே வந்தவர்களும் ஒரே படத்தில் ஒரே களைப்போடு நிற்கிறார்கள். இல்ல விளையாட்டு விழாவில் நான்கு நிறக் கூடாரங்கள்; மே 16-இல் ஆசிரியர் தினம்; ஆகஸ்டு மாதத்தில் வகுப்புக்கு வகுப்பு தேசியக் கொடிகள். புதன்கிழமைப் பிற்பகல்களில் சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்று மூன்று கிளைகளாய்ப் பிரிந்த புறப்பாட நடவடிக்கைகளுக்கு, பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் 10 விழுக்காடு உண்டு என்பதை அறியாதவர் உங்களுள் ஒருவரும் இரார். அந்தப் பத்துக்காகவே கழகத்தில் பெயர் கொடுத்தவர்களும் இருப்பார்கள். அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். எந்த நோக்கத்தோடு வந்தாலும், வந்தவர்களுள் யாராவது ஒருவர் காரியதரிசி ஆகித்தான் தீரவேண்டியிருக்கிறது.

மலரில் என் கண் நெடுநேரம் தங்கியது கந்தீன் தின அறிக்கையிலேதான். அன்று பள்ளி வளாகம் சந்தையாகிவிடுகிறது. ஒரு வகுப்பு நாசி லெமாக் விற்கிறது, மற்றொன்று வடையும் சிராப் தண்ணீரும் விற்கிறது, வேறொன்று பேய்வீடு கட்டிப் பயமுறுத்திக் காசு வாங்குகிறது. ஆனால் அந்த ஆரவாரத்துக்கு மூன்று வாரம் முன்பே கூப்பன் தாள்கள் எண்ணி வழங்கப்படுகின்றன. விற்றவை இத்தனை, திரும்பியவை இத்தனை என்று ஒவ்வொரு வகுப்புப் பொருளாளரும் எழுதிக் கையொப்பமிடுகிறார். எண்ணெயும் மாவும் வாங்கிய ரசீதுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்கின்றன. கடைசியில் லாபம் இவ்வளவு என்று சபைகூடலில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது. பதினேழு வயதில் பொதுப்பணத்தைத் தொட்டு, அதை எண்ணி, எண்ணியதை ஊரறியச் சொல்லும் இந்தப் பயிற்சியை, அல்ஜீப்ராவுக்குக் கீழ்ப்பட்டதாக நான் கருதவில்லை.

உங்களிற் பலர் தமிழ்ப்பள்ளியிலிருந்து இங்கே வந்தவர்கள். சிலர் இடையிலே புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்கி வந்தவர்கள். ஆறாண்டுக் காலம் கணிதமும் அறிவியலும் விளையாட்டு மைதானத்துச் சண்டையும் தமிழிலேயே நிகழ்ந்த ஓரிடத்தை விட்டு, தமிழ் ஒரு பாடமாகவும் ஒரு கழகமாகவும் மட்டுமே நிற்கும் இடத்திற்கு வந்தீர்கள். 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டினால் தாய்மொழி வகுப்புக்கு இடமுண்டு என்ற ஏற்பாடு 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலிருந்தே இருந்து வருகிறது. தமிழ்ப்பள்ளியில் கேளாமலே கிடைத்த மொழியை இங்கே பெயர்ப்பட்டியல் தயாரித்து, விண்ணப்பம் எழுதி, அறை கேட்டு, நேரம் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. இது ஒரு குறை என்று வருந்துவோருடன் நானும் சேர்ந்து வருந்துவதுண்டு. ஆயினும் பொங்கல் விழாவுக்கு மண்டபம் கேட்டு மலாய் மொழியில் கடிதம் எழுதி, விழா முடிந்தபின் தமிழில் குறிப்பெழுதி, சீன நண்பர்களைக் கொண்டு கரும்பு கட்டவைத்த ஒரு மாணவி, எந்த வகுப்பறையும் கற்பிக்காத ஒரு வித்தையைக் கற்றுவிட்டாள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பொதுக் காரியத்தை நடத்திக் குறிப்பும் கணக்கும் வைக்கும் அந்த வித்தைக்கு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1887-இல் விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவுக்கென்று கோலாலம்பூரில் திரட்டிய நிதியில் ஒரு தொகை செலவாகாமல் எஞ்சியிருந்தது. 1893-இல் தம்புசாமிப் பிள்ளை, யாப் குவான் செங், லோக் இயூ முதலிய பிரமுகர்களின் நன்கொடையும் அரசாங்கத்தின் உதவியும் அதனோடு சேர, விக்டோரியா கல்விக்கூடம் எழுந்தது.  ஒரு விழா முடிந்து ஆறு வருஷம் சென்ற பிறகும் மிச்சப் பணம் மிச்சப் பணமாகவே இருந்ததே, அதுதான் எனக்கு அதிசயமாகத் தோன்றுகிறது! நம் ஊர் விழாக்களில் மிச்சம் என்பது மறுநாள் காலைவரை தங்கினாலே பெரிய காரியம்.

கிள்ளானுக்கு வருவோம். இந்நகர் ஆற்றின்மேல் நிற்கும் ஈரடுக்குக் கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டில் நீங்கள் சைக்கிளில் போயிருப்பீர்கள். 1941-இல் இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒரு தமிழ்த் தொழிலாளி சைக்கிளில் வரும்போது எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால், இறங்கி நிற்கவேண்டும். அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரையில் நடந்த வேலைநிறுத்தத்தில், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். ஹெச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளில், இந்த இழிவு நீங்கவேண்டும் என்பது ஒன்று. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி ஒன்று. கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது ஒன்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் தோற்றது என்று சரித்திரக்காரர் எழுதலாம். ஆனால் எழுத்தறிவு அரிதாயிருந்த லயன் வீடுகளிலிருந்து எழுந்த அந்தக் கோரிக்கைகளின் வரிசையைப் படிக்குந்தோறும், முன்பின் கூட்டம் நடத்திப் பழகாத மனிதர்கள் எத்தனை தெளிவாகத் தம் மனத்தைத் திரட்டிச் சொல்லியிருக்கிறார்கள் என்று வியக்கிறேன்.

பத்தொன்பது ஆண்டு கழித்து, பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய சந்தாவைக் கொண்டு, மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளியைக் கொடுத்தவர் கையில் ஒரு ரசீது இருந்ததனால்தான் அடுத்த பத்து வெள்ளியையும் கொடுத்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைய நிலை என்ன? இந்நாட்டில் நம்மவர்க்குச் சங்கங்கள் குறைவில்லை. ஆலய நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள், நற்பணி மன்றங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் என்று பெருகிக் கிடக்கின்றன. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குச் சேரவேண்டும் என்கிறது. அந்த அறுபது நாளில் எத்தனை சங்கங்களின் மூச்சு நின்றிருக்கிறது! கொள்கை வேற்றுமையால் பிளந்த சங்கங்களைக் காட்டிலும், கணக்கு வாசிக்கப்படாமையால் பிளந்தவையே அதிகம் என்பது என் அபிப்பிராயம். மேடையில் பொன்னாடை போர்த்த ஆள் இருக்கிறது. மூலையில் உட்கார்ந்து, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எழுதத்தான் ஆள் இல்லை.

உங்களுள் சிலர் ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் போவீர்கள்; சிலர் பாலிடெக்னிக்குக்கும், சிலர் கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்கும் போவீர்கள். எங்கே போனாலும் ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு கூட்டத்தில் உங்களை உட்காரவைப்பார்கள். காரியதரிசிப் பதவிக்குப் பெயர் கேட்கும்போது எல்லாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த வேளையில் கை தூக்கக்கூடியவர்கள் இம்மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள் என்பதற்கு உங்கள் ஆண்டு மலரே சாட்சி.

முடிக்குமுன் ஒரு நடைமுறைக் காரியம். தமிழ்மொழிக் கழகத்தின் இவ்வாண்டுக் குறிப்பேடும் கணக்கேடும் இன்னும் நான்காம் படிவத்துப் புதிய நிர்வாகிகளிடம் வந்து சேரவில்லை என்று பொறுப்பாசிரியர் வாசலிலேயே என்னிடம் சொன்னார்கள். யார் வீட்டில் இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. அங்கியைக் கழற்றிக் கொடுக்கும் மேஜையிலேயே அவற்றையும் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளும்படி, சம்பந்தப்பட்ட மாணவரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.