டேக் பேசவில்லையா, முதலில் பேட்டரியைப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கருவி வாடகை மையப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



நம் வாடகை மையத்துக் கருவிகளில் மாட்டியிருக்கிற டேக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதன் பெருமையைச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் களை எடுக்கும் பவர் வீடர் ஒன்று கம்ப்யூட்டரில் காட்டவில்லை. கடைசியாக எடுத்துப் போன அக்காவைக் கூட்டத்தில் வைத்தே கேட்டோம். "நான் அன்னைக்கே கொண்டாந்து விட்டுட்டேனே" என்றார். நாங்கள் நம்பவில்லை. கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லுதே! மூன்றாம் நாள் கொட்டகையைக் கூட்டும்போது, ரோட்டவேட்டருக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது அந்த வீடர். டேக்கில் பேட்டரி தீர்ந்திருந்தது. அந்த அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அதற்கப்புறம்தான் இந்த டேக்கை நான் ஒழுங்காகப் படித்தேன்.

டோல்கேட்டுக்காகக் கார் கண்ணாடியில் ஒட்டுகிறார்களே ஃபாஸ்டேக், அதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்புகிற அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். அதனால் கிட்டே போனால்தான் படிக்கும். நம்முடையது ஆக்டிவ் டேக். உள்ளே பேட்டரி இருப்பதால், யாரும் கேட்காமலே சில விநாடிக்கு ஒரு தரம் "நான் இங்கே இருக்கேன்" என்று குரல் கொடுக்கும். வெட்டவெளியில் பல மீட்டர் தூரம் எட்டும். ஆனால் ரீடருக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் மட்டுமே தெரியும். எந்த வயலில் நிற்கிறது என்று சொல்ல அது ஜி.பி.எஸ். இல்லை.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. இரும்பும் தண்ணீரும் அலையைத் தடுக்கும். அதனால் டேக்கை இரும்புக்குள் ஒளித்து வைக்காதீர்கள், வெளியே தெரிகிற மாதிரி மாட்டுங்கள். சூடேறும் இன்ஜின் பக்கமும் வேண்டாம். சேறு பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், பைப்பைத் திருப்பி அடிக்காதீர்கள்.

நம் டேக்கில் போடுவது சி.ஆர். 2032 என்கிற வட்ட பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். இது கடைசி வரை நல்லாயிருக்கிற மாதிரியே காட்டி, திடீரென்று படுத்துவிடும். அதனால் மாற்றிய தேதியை டேக்கின் முதுகிலும் நோட்டிலும் எழுதுங்கள். தீரும்வரை காத்திருக்காமல் தேதி பார்த்து மாற்றுங்கள். அடிக்கடி குரல் கொடுக்கும்படி வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடி போட்ட டப்பாவில் மையத்திலேயே கொடுங்கள். அடுப்பிலோ குப்பையிலோ போட வேண்டாம்.

இப்போது மையத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்தன்று எல்லா டேக்கும் கேட்கிறதா என்று சரிபார்க்கிறோம். கருவி திரும்பி வந்தால் கொண்டு வந்தவரும் வாங்கியவரும் நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு டேக் பேசவில்லையென்றால் முதலில் பேட்டரி, அப்புறம் கொட்டகை, அப்புறம் நோட்டு. இத்தனையும் பார்த்த பிறகுதான் எடுத்துப் போனவரைக் கேட்போம், அதுவும் தனியாக.

கருவி தொலைந்தால் கடன் வாங்கியாவது இன்னொன்று வாங்கலாம். பத்துப் பேர் முன்னால் போன மானத்தை எந்தக் கடையில் வாங்குவது? அந்த அக்கா இன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி நோட்டை இப்போது எழுதுவது அவர்தான்.