கேட்கவும் உண்டு, சொல்லவும் உண்டு

காரைக்கால்மேட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் முற்றினால் முதலில் காரைக்கால் அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தால், சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி. வண்டிக்குப் பணம்?

2011 ஜூன் 1-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், மேல்சிகிச்சைக்கு அழைத்துப்போகும் வண்டி எல்லாமே இலவசம். முதலில் 30 நாள் வரை என்றிருந்தது. பிறகு ஒரு வயது வரை நீட்டித்தார்கள். வாய்விட்டுக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள்.

பெற்றோருக்கும் பொறுப்புண்டு. வீட்டில் புகட்டிய கஷாயத்தை, மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த சொட்டுமருந்தைத் திட்டுக்குப் பயந்து மறைக்கக்கூடாது. மருத்துவர் கடிந்துகொண்டால் கொள்ளட்டும். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தின் அளவை அவர் சரியாகத் தீர்மானிக்கமுடியும்.