முன்னால் நிற்கிற வண்டியைத் தாண்டாதீங்க



மணப்பாறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தினமும் பார்க்கக்கூடிய ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் ஊர் மணப்பாறையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதே விஷயம் உங்கள் ஊரிலும் நடக்கும்.

சாலையில் வெள்ளைப் பட்டை போட்ட ஜீப்ரா கிராசிங். அதுக்கு முன்னால் ஒரு பேருந்து வேகத்தைக் குறைத்து நிற்கிறது. பின்னால் பைக்கில் வருகிறவர், "ஆள் இறக்கத்தான் நிற்கிறார் போல" என்று நினைக்கிறார். வலது பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகித் தாண்டுகிறார். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவை அந்தப் பேருந்து நின்றது ஆள் இறக்குவதற்காக இல்லாமல், ஒருத்தர் சாலையைக் கடப்பதற்காக இருக்கும். அது முறுக்குக் கூடையோடு பேருந்துக்குப் பேருந்து ஓடும் வியாபாரியாக இருக்கலாம், பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளையாக இருக்கலாம். பேருந்து மறைப்பதால் பைக்கில் வருகிறவருக்கு அவர் தெரியமாட்டார். அவருக்கும் பைக் தெரியாது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரே விஷயம்தான். ஜீப்ரா கிராசிங் முன்னால் ஒரு வண்டி நின்றால், அது ஏன் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிகிற வரைக்கும் நீங்களும் நில்லுங்க. அதைத் தாண்டாதீங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். நம்ம கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கையும் காலும் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த சாலையில், நல்ல டயர் இருந்தால் இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 28 மீட்டர். மழை பெய்த சாலையில் இது இன்னும் கூடும்.

ஒரு பேருந்தின் நீளம் சுமார் 11 மீட்டர். நீங்கள் பேருந்தின் பின்பக்கத்துக்கு நேராக வரும்போது, முன்பக்கத்திலிருந்து ஒருத்தர் வெளியே கால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்க. உங்கள் விரல் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே நீங்கள் அவர் மேல் மோதியிருப்பீர்கள். சரி, 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால்? நிற்க ஏறத்தாழ 14 மீட்டர் வேண்டும். அடி குறைவாகப் படும், ஆனால் அப்போதும் மோதித்தான் நிற்பீர்கள். அதனால் "மெதுவாகத் தாண்டிக்கிறேன்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. நிற்பதுதான் பாதுகாப்பு.

இது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. 1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. பாதசாரி கடக்கும் இடத்தை நெருங்கும் வண்டியையோ, அதன் முன்னால் நிற்கும் வண்டியையோ முந்தக்கூடாது. முந்தினால், ஆள் இருந்தால் அந்த நொடியே நிற்கக்கூடிய அளவுக்கு வேகம் குறைவாக இருக்கணும் என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. இங்கிலாந்தில் 1951-இல் ஜீப்ரா கிராசிங் அதிகாரபூர்வமாக வந்தது. 1971-இல் அதன் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போகும் கோடுகளைச் சேர்த்தார்கள். அந்தக் கோடு இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தவும் கூடாது, கடவைக்கு மிக அருகில் இருக்கும் வண்டியை முந்தவும் கூடாது. கடக்கிறவரும் ஓட்டுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்கணும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

நம்ம நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017-இல் வந்தன. சிக்னலோ போலீஸோ இல்லாத ஜீப்ரா கிராசிங்கை நெருங்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கணும், நிற்கணும், பாதசாரிக்கு வழிவிடணும் என்று அது சொல்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அதே உரிமை. இதைக் கவனிங்க. சிக்னல் இல்லாத இடத்தில் கையை நீட்டிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கடக்கும் பெரியவர் நம்மிடம் சலுகை கேட்கவில்லை. அந்த இடத்தில் முதல் வழி அவருடையது.

அடுத்தது, நிறுத்துவது. இதில் இரண்டு தப்பு அதிகமாக நடக்கிறது.

முதலாவது, வெள்ளைப் பட்டை மேலேயே நிற்பது. சிக்னலில் சிவப்பு விழுந்ததும் இரண்டு சக்கர வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து ஜீப்ரா கிராசிங் முழுவதையும் அடைத்துவிடும். கடக்க வந்தவர்கள் வண்டிகளுக்கு நடுவே நுழைந்து, சந்திப்பின் நடுவுக்கே போய்ச் சுற்றிக் கடக்க வேண்டியிருக்கிறது. பட்டைக்கு முன்னால் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அதுதான் நிறுத்தக்கோடு. முன்சக்கரம் அதுக்கு இந்தப் பக்கமே இருக்கணும். நெரிசலில் முன்னால் வண்டிகள் நின்றுபோய், பட்டையைத் தாண்டிப் போக இடமில்லை என்று தெரிந்தால், பட்டை மேல் ஏறாமல் முன்பே நின்றுவிடுங்க.

இரண்டாவது, பட்டையை ஒட்டி வண்டியைப் போட்டுவிட்டுப் போவது. "ரெண்டு நிமிஷம்தான், ஒரு டீ" என்று நிறுத்தும் கார், சரக்கு இறக்கும் குட்டியானை, ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ எல்லாம் அந்த இடத்தில் ஒரு சுவர் மாதிரி. அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கடக்கிறார்கள். நடைபாதை மேலும் ஜீப்ரா கிராசிங் மேலும் பார்க்கிங் செய்யக்கூடாது. பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வாசல் பக்கத்திலும் கூடாது. மணப்பாறையில் மாட்டுச்சந்தை கூடுகிற நாளில் மாடு ஏற்றி வரும் வண்டிகள் எத்தனை என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நாளில் கிராசிங்கை மட்டுமாவது காலியாக விட்டுவைத்தால், நடந்து போகிறவருக்குச் சாலையின் இரு பக்கமும் தெரியும்.

இப்போது, நிற்கிற ஓட்டுநருக்கு மூன்று யோசனை சொல்றேன்.

ஒன்று, திடீரென்று பிரேக் அடிக்காதீங்க. தூரத்திலேயே கிராசிங்கைக் கவனித்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்க. உங்கள் பிரேக் விளக்கு முன்கூட்டியே எரிந்தால் பின்னால் வருகிறவருக்குப் புரியும்.

இரண்டு, பேருந்தும் லாரியும் நிறுத்தக்கோட்டுக்கு இன்னும் சற்றுப் பின்னாலேயே நின்றால் நல்லது. அந்த இடைவெளியில்தான் பக்கத்து லேனில் வருகிறவர் ஆளைப் பார்க்க முடியும்.

மூன்று, கையை ஆட்டி "வாங்க வாங்க" என்று கூப்பிடாதீங்க. நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள். ஆனால் உங்கள் கையைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்து லேனைப் பார்க்காமல் நடந்துவிடுவார். அங்கே வருகிற வண்டி நிற்கும் என்று நீங்கள் உத்தரவாதம் தர முடியாது. பேசாமல் நின்றாலே போதும்.

பின்னால் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னால் நிற்கிறவரை ஹாரன் அடித்துத் துரத்தாதீங்க. அவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நடந்து போகிறவர்களும் கேளுங்க. பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் புகுந்து கடக்க வேண்டாம். பேருந்து போகட்டும், சாலை தெரியட்டும். ஜீப்ரா கிராசிங்கில் ஒரு வண்டி உங்களுக்காக நின்றால், அதன் ஓரம் வரை வந்து ஒரு நொடி நின்று, அடுத்த லேனை எட்டிப் பார்த்துவிட்டுக் காலை வையுங்க. திருச்சி - திண்டுக்கல் சாலை மாதிரி நடுவில் தடுப்பு உள்ள சாலையில் பாதி பாதியாகக் கடங்க. அந்த அரை நிமிஷம் செல்போன் பையில் இருக்கட்டும்.

நடந்து போகிறவர்கள் எவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்பதையும் சொல்லணும். 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இவர்கள் வண்டியே ஓட்டவில்லை, நடந்து போனார்கள்.

இந்த நிலைமையை மாற்ற நம்ம மாநிலத்திலிருந்தே ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றம் போனார். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாதசாரிகளின் பாதுகாப்புக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் உருவாக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேரும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

அபராதம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்க. சாலை ஒழுங்குமுறையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். சட்டத்துக்கு மாறாக முந்துவது ஆபத்தான முறையில் ஓட்டுவதாகக் கருதப்பட்டால், 184-ஆவது பிரிவில் முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அப்படியும் ஒரு விபத்து கண் முன்னால் நடந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்க. அடிபட்டவரைக் காப்பாற்ற உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலையணுமோ என்று பயப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் இல்லாமல் சிகிச்சை கிடைக்கும். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்பது முக்கியமில்லை.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கிற போனால் ஒரு வேலை செய்யலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி வாசலில் ஜீப்ரா கிராசிங்கின் வெள்ளைப் பட்டை அழிந்துபோயிருக்கிறதா? அறிவிப்புப் பலகை மரக்கிளையில் மறைந்திருக்கிறதா? ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க. இடத்தையும் பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் குறித்துக்கொண்டு, முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100-இல் புகார் பதிவு செய்யுங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. நேரில் போக முடிந்தவர்கள் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியாவிட்டாலும் புகாரைக் கொடுங்க. புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

இன்னொரு வேலை அதைவிட எளிது. உங்கள் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ அண்ணனிடம், வேன் டிரைவரிடம், வீட்டில் புதுசாக பைக் ஓட்டும் தம்பியிடம் இதை இன்றைக்கே சொல்லுங்க: கோட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றால், நாமும் நிற்கணும்.